டாங் டெஸ்டர் காட்டும் மிச்சம்

வீட்டில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போனதும் ஃபேனை ஓட்டும் பேட்டரிப் பெட்டி. தொழிற்சாலையில் அதே பெயருக்கு வேறு வேலை. லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யை டி.சி.யாக்கி, மறுபடி வேண்டிய ஹெர்ட்ஸில் ஏ.சி.யாக்கி மோட்டாருக்குக் கொடுக்கும். நான்கு போல் இண்டக்‌ஷன் மோட்டாரில் சுழலும் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று, 25 ஹெர்ட்ஸில் 750. ரோட்டர் அதற்குச் சற்றே பின்தங்கி ஓடும். வோல்டேஜும் கூடவே பாதியாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு சாச்சுரேட் ஆகி மோட்டார் சூடேறும். அருமையான கருவிதான், சந்தேகமே இல்லை.

ஆனால் அதை விற்கிற விதம் இருக்கிறதே!

எந்த மோட்டாருக்குப் போட்டாலும் கரண்ட் மிச்சமாம். நிரூபணமும் கையோடு வரும். லோடு குறைவாக ஓடும் ஒரு மோட்டாரின் வயரில் டாங் டெஸ்டரை மாட்டி ஆம்பியரைக் காட்டுவார்கள். பிறகு டிரைவ் வழியாக அதே மோட்டாரை ஓட்டி, லைனில் மறுபடி மாட்டிக் காட்டுவார்கள். ஆம்பியர் விழுந்திருக்கும். முதலாளி செக்கில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இது கண்கட்டு வித்தை. லோடு இல்லாத மோட்டார் இழுக்கும் ஆம்பியரில் பெரும்பகுதி காந்தப்புலத்தை உண்டாக்கத்தான். அது வேலை செய்யாத கரண்ட், லைனுக்கும் மோட்டாருக்கும் இடையே சும்மா போய்வந்துகொண்டிருக்கும். டிரைவ் வந்ததும் அந்தப் போக்குவரத்து டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் முடிந்துவிடும், லைனில் தெரியாது. கிலோவாட் எங்கே குறைந்தது? முழு வேகத்திலேயே ஓட்டினால் டிரைவ் தன் பங்குக்கு நூற்றுக்கு இரண்டு மூன்றைச் சூடாக்கி வீணடிக்கும், அவ்வளவுதான். பவர் ஃபேக்டர்தான் பிரச்சினை என்றால் கெப்பாசிட்டர் போதுமே. அதன் விலை எங்கே, டிரைவின் விலை எங்கே?

உண்மையான மிச்சம் ப்ளோயரில் இருக்கிறது. வேகத்தை 80 சதவீதமாக்கினால் அது கேட்கும் பவர் 51 சதவீதம்தான். சென்ட்ரிஃபியூகல் பம்பிலும் உண்டு, ஆனால் எல்லாப் பம்பிலும் இல்லை. முழு வேகத்தில் அதிகபட்சம் 40 மீட்டர் தள்ளும் பம்ப் 70 சதவீத வேகத்தில் 20 மீட்டரைக்கூடத் தொடாது. டேங்க் 25 மீட்டர் உயரத்தில் இருந்தால்? மோட்டார் ஓடும், ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது.

கன்வேயரில் இன்னொரு வம்பு. மோட்டாரின் கூலிங் ஃபேன் அதே ஷாஃப்டில் இருப்பதால் 15 ஹெர்ட்ஸில் காற்றே வராது, லோடோ குறையாது. மணிக்கணக்கில் அப்படி ஓட்டினால் காயில் போகும். ரீவைண்டிங் பில்லை விற்றவரா கட்டப்போகிறார்?

காலேஜும் இதில் உத்தமம் இல்லை. வேகக் கட்டுப்பாட்டு முறைகளை வரிசையாக எழுது என்று பதினாறு மார்க்குக்குக் கேட்பார்கள். மோட்டார் எதைச் சுற்றுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படிப் படித்தவர்தான் நாளைக்கு டாங் டெஸ்டரோடு வந்து நிற்பார்.

இதில் வேடிக்கை, டிரைவ் போட வேண்டிய ப்ளோயர் பெரும்பாலும் அதே ஷெட்டிலேயே இருக்கும். டேம்பரைப் பாதி மூடிவைத்து, இரவு பகலாக முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை மணி நேரம், எவ்வளவு காற்று என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமே, அதனால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.