எச்சரிக்கை விளக்கை அணைப்பது திருத்தமாகாது

நமது நாட்டில் 2020 மார்ச் மாதம் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதி கிடைத்த பின்னரும் வரிச்சுமையினால் புதிய வாகனம் நடுத்தர வருமானமுடையோருக்கு எட்டாக்கனியாகவே இருந்து வருகின்றது. இதனால் பதினைந்து, இருபது வருடங்கள் பழைமையான ஜப்பானியக் கார்களும் வேன்களுமே பலரது குடும்பத்தையும் பிழைப்பையும் சுமந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

இவ்வாகனங்களில் 'செக் எஞ்ஜின்' விளக்கு எரியத் தொடங்கியதும் உரிமையாளரின் மனதில் எழும் முதல் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பதே. என்ன பழுது என்ற கேள்வி அதற்குப் பின்னரே எழுகின்றது. இந்த அச்சத்தையே சில கராஜ்கள் மூலதனமாக்கிக் கொள்கின்றன என்பதை நாம் வருத்தத்துடன் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

இவ்விளக்கு ஓர் அறிகுறியே அன்றி, நோய் நிர்ணயம் அன்று. வாகனத்தின் கணினி பதிவுசெய்யும் குறியீட்டெண், எங்கு தேட வேண்டும் என்பதை மாத்திரமே கூறுகின்றது. உதாரணமாக, 'பீ 0420' என்ற குறியீடு தோன்றினால், ஊக்கி மாற்றி பழுதடைந்து விட்டதென்று கூறி அதனை மாற்றுவோர் உள்ளனர். ஆனால் புகைக்குழாயில் ஏற்பட்ட கசிவோ, ஒட்சிசன் உணரியின் கோளாறோ கூட அதே குறியீட்டைத் தரக்கூடும். அவற்றைச் சோதிக்காமல் விலையுயர்ந்த பாகத்தை மாற்றிய பின்னரும் விளக்கு மீண்டும் எரியுமாயின், நட்டம் யாருடையது?

மறுபுறத்தில், குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று கூறுவதும், விளக்கையே கழற்றி விடுவதும் அதனிலும் ஆபத்தானவை. விளக்கு விட்டுவிட்டு ஒளிருமாயின், எரிபொருள் சரியாக எரியாது புகைக்குழாய்க்குள் செல்கின்றது என்பது அதன் பொருளாகும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் நல்ல நிலையிலுள்ள ஊக்கி மாற்றியும் அழிந்துவிடும். தீப்பொறிச் செருகி ஒன்றுடன் முடிந்திருக்க வேண்டிய செலவு, இவ்வாறே பன்மடங்காகின்றது.

2008ஆம் ஆண்டு முதல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்திற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் அவசியமாக்கப்பட்டுள்ளது. விளக்கை அணைப்பதால் புகை தூய்மையாவதில்லை. அப்புகையைச் சுவாசிப்பவர்கள் பாடசாலை வேனில் செல்லும் நமது பிள்ளைகளும் வீதியோர வியாபாரிகளுமே.

பாகம் எதனையும் மாற்றுவதற்கு முன்னர் குறியீட்டெண்ணையும், செய்யப்பட்ட சோதனைகளையும் எழுத்தில் தருவதையும், கழற்றிய பாகத்தைத் திருப்பி ஒப்படைப்பதையும் கராஜ்களின் கடமையாக்குவது குறித்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை சிந்திக்க வேண்டும். அதேவேளை, மெக்கானிக்மாரை மாத்திரம் குறைகூறுவதும் நியாயமாகாது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட பழைய வாகனங்கள் சிலவற்றை மலிவான கருவிகளால் வாசிக்க முடிவதில்லை. கார்புரேட்டர் காலத்தில் தொழில் பயின்றவர்களுக்கு இன்றைய மின்னணு முறையைத் தமிழில் கற்பிக்கும் குறுகியகாலப் பயிற்சிகளை அரச தொழிற்பயிற்சி நிறுவனங்கள் வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் விரிவுபடுத்த வேண்டும்.

வாகன உரிமையாளர்களும் 'எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன்னர் 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேட்கப் பழக வேண்டும். அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் கூறும் கராஜே நம்பிக்கைக்குரியது.