சாம்பலில் சல்லி

கலைப்பீடத்துப் பிள்ளையளுக்குக் கொங்கிறீட்டில என்ன கதை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நிலக்கரிச் சாம்பலில் செயற்கைச் சல்லிக்கல் செய்தால் எல்லாம் சரிவந்துவிடும் என்று சொல்பவர்களிடம் எங்களுக்கும் சில கேள்விகள் இருக்கின்றன.

தொழில்நுட்பத்தில் எங்களுக்குப் பகையில்லை. நிலக்கரி எரியும்போது புகையோடு வரும் மெல்லிய சாம்பலைப் பிடித்து, சுழலும் தட்டில் தண்ணீர் தெளித்து உருட்டுகிறார்கள். புட்டுக்கு மாக் குழைக்கேக்க உருளுமே, அந்த மாதிரி. பிறகு 1,000 பாகை செல்சியசுக்கு மேல் சுட்டால் கல். சுடாமல், சீமெந்தோ சுண்ணாம்போ கலந்து இறுகவிடும் முறையும் உண்டு. எரிபொருள் மிச்சம், பலம் கொஞ்சம் குறைவு. கருங்கல்லைவிடப் பாரம் குறைந்த கல் இது. பிரித்தானியாவில் 'லைட்டாக்' என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக விற்கிறார்கள்.

எங்களுக்குத் தேவையான கல்தான். யாழ்ப்பாணத்தில் கிடப்பது சுண்ணாம்புக்கல். கொங்கிறீட் போட வன்னியிலிருந்து கருங்கல் வரவேண்டும். வருகிற ஒவ்வொரு லொறியும் எங்கோ ஒரு பாறைக்கு வெடிவைத்த கணக்கு.

ஆனால் இலங்கையில் நிலக்கரிச் சாம்பல் என்றால் நுரைச்சோலை. தலா 300 மெகாவாட்டில் மூன்று அலகுகள், முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. அங்கே வரும் மெல்லிய சாம்பல் சீமெந்து செய்யப் போகிறது, அதற்கு விலை உண்டு. கொதிகலனின் அடியில் தங்கும் சாம்பல்தான் மேடாகக் குவிகிறது. கச்சான் காற்றுக் காலத்தில் தூள் பறந்து தோட்டத்திலும் கிணற்றிலும் விழுகிறது என்று அந்தச் சனம் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டது. கற்பிட்டிப் பக்கம் மணல் தரை. மேலே விழுவது மழையோடு கீழே இறங்கும். நிலக்கரிச் சாம்பலில் ஆசனிக்கும் ஈயமும் இருக்கிறது.

ஆக, விலைபோவது கம்பனிக்கு, மிச்சம் ஊருக்கு. சல்லி என்றால் எங்கட பேச்சில காசு என்றும் அர்த்தம் இருப்பது சும்மா இல்லைப்போல!

சட்டம் போட்டால் போதும் என்பீர்கள். இந்தியா 1999இலேயே அனல் மின் நிலையங்கள் சாம்பலைப் பயன்படுத்தவேண்டும் என்று அறிவித்தல் போட்டது. அதற்குப் பிறகும் சென்னைக்குப் பக்கத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்துகொண்டுதான் இருந்தது. மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. சாம்பலை நம்பி ஒரு ஆலை வந்துவிட்டால், அந்த ஆலைக்காகவே நிலக்கரி எரியவேண்டும் என்று நாளைக்கு யாரும் வாதாடுவார்கள். பிரித்தானியா தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்ரெம்பர் 30இல் மூடியது. இங்கேயோ, 2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டப் பார்த்தார்கள். எதிர்ப்புகளுக்குப் பிறகு 2016இல்தான் கைவிட்டார்கள். சாம்பல் 'வளம்' என்று பெயர் மாறினால் அப்படியான திட்டங்கள் திரும்பி வர எவ்வளவு நேரம்?

கல் செய்யுங்கள். இருக்கிற மேட்டை முதலில் மூடுங்கள், அந்தக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்து முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள். ஆலை வந்தால் முதல் வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. புது அலகு பற்றிய பேச்சே வேண்டாம்.