அங்கே கழித்தல், இங்கே கூட்டல்!

தோழரே!

ஞாயிறும் அதுவுமாகக் கணக்குப் பாடமா என்று முகம் சுளிக்காதீர். கல்லூரியைப் பாதி வழியில் விட்டு மேடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தவன் நான். எனக்கும் கணக்குக்கும் நெடுநாள் பகை. ஆயினும் கூட்டலும் கழித்தலும் மறந்துவிடவில்லை. இன்று உம்முன் வைப்பது அந்த இரண்டையுந்தான்.

இலங்கைத் தீவின் குடிமதிப்பு ஏட்டை ஒரு கையில் எடுத்துக்கொள்ளும். நமது நீலகிரி மாவட்டத்தின் ஏட்டை மறு கையில் எடுத்துக்கொள்ளும். 1971-இல், 'இந்தியத் தமிழர்' என்ற தலைப்பின்கீழ் அத்தீவிலே நின்றவர்கள் ஏறத்தாழ 11 லட்சத்து 75 ஆயிரம் பேர். 1981-இல் அதே தலைப்பின்கீழ் நின்றவர்கள் 8 லட்சத்து 19 ஆயிரம் பேர். பத்தே ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேரைக் காணோம்! கொள்ளைநோய் கொண்டு போயிற்றா? கடல் பொங்கி விழுங்கிற்றா?

மறு கையிலுள்ள ஏட்டைப் புரட்டும். 1971-இல் நீலகிரியில் 4,94,015 பேர். 1981-இல் 6,30,169 பேர். நூற்றுக்கு 27-க்கும் மேல் ஏற்றம்! அதே பத்தாண்டில் தமிழகம் முழுவதற்கும் ஏற்றம் நூற்றுக்கு 17½ தான். தமிழகத்தின் வேகத்திலேயே மலையும் பெருகியிருந்தால் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டுமோ, அதைவிட ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் மிகை. மலைமேல் இருப்பவர்களுக்கு மட்டும் வீட்டுக்கு வீடு இரட்டைப் பிள்ளையா பிறந்தது? அந்த 50 ஆயிரமும் தீவிலிருந்து வந்ததென்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கேரளத்திலிருந்து கூடலூர்ப் பக்கம் ஏறியவர்களும் உண்டு. ஆனால் கோத்தகிரியைச் சுற்றியுள்ள அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும், லயத்துக் கதவைத் தட்டும், முதியவர்களிடம், "பாட்டி, பிறந்த ஊர் எது?" என்று கேளும். ஹட்டன் என்பார் ஒருவர். பதுளை என்பார் ஒருவர். பண்டாரவளை, நுவரெலியா என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்த ஏட்டில் கழிக்கப்பட்டவர்கள் இந்த ஏட்டில் கூட்டப்பட்டார்கள் என்பதற்கு அவர்களைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

கழித்தது இயற்கையன்று, தோழரே! சட்டம் கழித்தது. ஒப்பந்தம் கழித்தது.

1820-களில் காப்பித் தோட்டம் போட வெள்ளைக்காரன் ஆள் தேடினான். வறண்ட தமிழ்ச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னே நடந்தார்கள் நம்மவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி. காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள், நடந்தவர்கள் நடந்தார்கள். 1867-இல் தேயிலை வந்தது. பின்னர் காப்பியை நோய் அழித்தது. தேயிலை மலை முழுவதும் பரவியது. 1911-இல் முதன்முறையாக இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் வெவ்வேறு கட்டத்தில் போட்டு எண்ணினார்கள். இரு கட்டத்திலும் ஏறத்தாழ 5 லட்சத்து 30 ஆயிரம். இந்தியத் தமிழர் ஒரு பிடி கூடுதல்! தீவின் மக்களில் எண்மரில் ஒருவர் தேயிலைத் தமிழர். எவரும் ஏளனமாய்ப் பார்க்கக்கூடிய தொகையா அது?

அந்தத் தொகைதான் அச்சத்தைக் கிளப்பியது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். தங்கள் ஆட்களை மன்றத்துக்கு அனுப்பினர். மற்றும் பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோள் கொடுத்தனர். சுதந்திரம் பிறந்த ஆண்டு 1948. அந்த ஆண்டிலேயே, 18-ஆம் இலக்கச் சட்டமாகப் பிறந்தது குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததைக் காட்டவேண்டும். நாடகக்காரன் அல்லவா நான்? ஒரு சிறு காட்சி போட்டுக் காட்டுகிறேன், பாரும்.

அலுவலர்: எங்கே பிறந்தாய்?
கொழுந்து பறிப்பவள்: இந்தத் தோட்டத்துலதாங்க, ஐயா.
அலுவலர்: உன் தகப்பன்?
அவள்: இதே லயத்துல, மூணாம் வீட்டுல.
அலுவலர்: பிறப்புச் சான்று உண்டா?
அவள்: அப்பன் நட்ட தேயிலை நிக்குதுங்களே ஐயா!

தேயிலைச் செடி வாய் திறந்து சாட்சி சொல்லுமா? சொல்லவில்லை. 1949-இல், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று மற்றொரு சட்டம் செய்தார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். அறுவரில் ஒருவருக்குக் கதவு திறந்தது. ஐவர் வாசலிலே நின்றார்கள். குடியுரிமை போனதும் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் மலையகத் தமிழரின் சார்பில் ஒருவர்கூட மன்றம் ஏறவில்லை. 1977-இல்தான் மக்கள் வாக்கால் மறுபடி ஒருவர் அங்கே போனார், தொண்டமான் அவர்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். பலர் கவனியாது கடந்துபோகும் சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. 1959-இல் தொகுதிகளை மறுபடி பிரித்தார்கள். இத்தனை மக்களுக்கு ஒரு தொகுதி என்பது கணக்கு. மக்கள் என்றால் எவர்? குடியுரிமை உள்ளவர் மட்டுமல்லர். இருக்கிற தலைகள் அத்தனையும்! மலைநாட்டுத் தமிழனின் தலையும் அதில் சேர்த்தி. அவன் தலையைக் காட்டி மலைநாட்டுக்குக் கூடுதல் தொகுதிகள் கிடைத்தன. அத்தொகுதிகளில் வாக்களித்தவர் எவர்? அவனல்லன்! அவனைச் சுற்றியிருந்த சிங்கள வாக்காளர். தலை எண்ணிக்கைக்கு ஆனது, வாக்குப் பெட்டிக்கு ஆகவில்லை. பசுவைக் கட்டிப்போட்டுவிட்டு அதன் பாலைக் கறந்து, அதன் கன்றுக்குக்கூட ஒரு துளி விடாத கதை இது. மக்கள்தொகை என்றால் ஏதோ புள்ளியியல் நிபுணர்களின் விவகாரம் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டாலே போதும்.

அடுத்து ஒப்பந்தம். 1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரி ஒருபுறம், சிறிமாவோ பண்டாரநாயக்கா மறுபுறம். மேசைமேல் 9 லட்சத்து 75 ஆயிரம் உயிர்கள்! இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இலங்கைக்கு 3 லட்சம். மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் 'பார்த்துக்கொண்டார்கள்': உமக்குப் பாதி, எமக்குப் பாதி, தலா 75 ஆயிரம்! சந்தையிலே ஆடு பிரிப்பவன்கூட ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே அந்த மக்களை அழைத்து, "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று ஒப்பந்தத்துக்கு முன் கேட்டவர் உண்டா? பின்னர் மனுப் போடச் சொன்னபோது, இந்தியாவுக்கென்று ஒதுக்கிய தொகை அளவுக்கு இந்தியாவைக் கேட்டு மனு வரவில்லை. இலங்கைக்கென்று ஒதுக்கியதைவிட மிகுதியான பேர் அங்கேயே இருக்க மனுப் போட்டனர். விருப்பம் எதுவென்று அந்த மனுக்களே சொல்லிவிட்டன.

1973, 74 ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம். அரிசி இல்லை, மாவு இல்லை, பட்டினியால் மாண்டார்கள். 1977-இல் கலவரம். விருப்பமில்லாதவனையும் விரட்டும் வல்லமை பசிக்கும் தீக்கும் உண்டு. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அங்கிருந்து மண்டபம் முகாம். கையிலே குடும்ப அட்டை. 1980-களில் கப்பல் நின்றபோது, பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, வந்தவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம்.

அவர்களில் ஒரு பகுதிக்கு மலை கிடைத்தது. 1968-இல் தமிழக வனத்துறை நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியது; 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக நடக்கிறது. நாம் 'டான்டீ' என்கிறோம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், வால்பாறை எங்கும் காட்டைத் திருத்திச் செடி வைத்தவர்கள் அவர்கள். பழகிய தொழில், பழகிய குளிர், பழகிய லயம். பழகாதது ஒன்றுதான்: பெயர். அங்கே 'கள்ளத்தோணி' என்றும் 'இந்தியாக்காரன்' என்றும் ஏசினார்கள். இங்கே வந்ததும் 'சிலோன்காரன்' ஆனார்கள். இரு கரையிலும் மறு கரையின் பெயர்!

மலை கிடைக்காதவர் கதை இதனினும் கொடிது. சிறு கடனைக் கையில் கொடுத்து, பார்த்திராத ஊரில் கடை வை என்றார்கள். கடனும் போயிற்று, கடையும் போயிற்று. கொடைக்கானல் மலையில் கொத்தடிமையாய்க் கிடந்த குடும்பங்கள் வழக்குமன்றம் வரை வந்த செய்தி 1980-களில் நாடறிந்தது.

அக்கரையிலே எஞ்சியவர்கள் என்ன ஆனார்கள்? 2003-இல் வந்த சட்டத்தோடு நாடற்றவர் நிலை பெரும்பாலும் தீர்ந்தது. எண்ணிக்கையோ தேய்ந்துகொண்டே போகிறது. 2012-இல் 8 லட்சத்து 39 ஆயிரம், நூற்றுக்கு நாலு. 2024 கணக்கெடுப்பிலோ நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. இத்தனை பேரும் கப்பலேறவில்லை. 'இந்தியத் தமிழர்' என்ற கட்டத்திலிருந்து இறங்கி, 'இலங்கைத் தமிழர்' என்ற கட்டத்தில் பலர் தம்மை எழுதிக்கொண்டார்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து; எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. 'இந்திய' என்ற ஒரு சொல்லால் மூன்று தலைமுறை அடிபட்டவன் அந்தச் சொல்லை உதறினால் அவனைக் குறை கூற நமக்கு என்ன தகுதி? 'மலையகத் தமிழர்' என்று எழுதுங்கள் என்று போராடி, 2024 ஏட்டில் அந்தப் பெயரையும் சேர்க்க வைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2023-இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, வந்து சேர்ந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்தார்கள்.

தீவு முழுவதுமே இன்று சுருங்கும் முகம் காட்டுகிறது. 2020-இல் 3 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 2024-இல் பிறந்தவை 2 லட்சத்து 20 ஆயிரத்தளவே. கூட்டம் பெருகிவிட்டது, இவர்களை ஏற்றுமதி செய் என்று முழங்கிய நாட்டில், இனித் தொட்டில்களை எண்ணிக் கவலைப்படுவார்கள்!

நம் மலைக்குத் திரும்புவோம். இங்கும் தேய்பிறைதான். 2001-இல் நீலகிரியில் 7,62,141 பேர், 2011-இல் 7,35,394. தமிழகத்தில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் அந்தப் பத்தாண்டில் இது ஒன்றே. கோத்தகிரி ஊரிலும் ஏறத்தாழ ஆயிரம் பேர் குறைவு. பசுந்தேயிலை விலை சரிந்தது. இளைஞன் திருப்பூருக்கும் கோவைக்கும் பேருந்து ஏறினான். அவன் விட்டுப்போன கூடையை இன்று ஜார்க்கண்டிலிருந்து வந்தவன் சுமக்கிறான். 2022-இல், நட்டத்தைக் காரணம் காட்டி, டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பியளிக்க ஆணை வந்தது. காடு காடாவதை நான் வெறுப்பவனல்லன். கோத்தரும் இருளரும் குறும்பரும் நமக்கு முன்பே இம்மலைக்கு உரியவர்கள். என் கேள்வி வேறு. ஓய்வுபெற்றதும் லயத்தைக் காலி செய் என்று ஓலை வருகிறதே, ஹட்டனிலிருந்து ஒருமுறை பெயர்க்கப்பட்டவள் எழுபது வயதில் எங்கே போவாள்? வீடு கட்டித்தரும் அறிவிப்பு வந்தது, நல்லது. அறிவிப்பு ஒவ்வொரு பெயருக்கும் சாவியாக மாறும்வரை நம் தோழர்கள் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

1983-க்குப் பின் அகதியாய் வந்தவர்களிலும் இதே மலையகத்தார் உண்டு. பாட்டன் இந்தியன்; பேரன் முகாமில் பிறந்தவன்; குடியுரிமை இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை.

2027-க்கென அறிவிக்கப்பட்டிருக்கிறது இந்தியாவின் தலைக்கணக்கு. 1971-இன் கணக்கோடு உறையவைத்த நாடாளுமன்ற இடப்பங்கீடு, 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பைக் காத்திருக்கிறது என்பது நீர் அறிந்ததே. தலையைக் காட்டி இடம் பெறுவதும் இழப்பதும் எப்படி என்று அந்தச் சின்னத் தீவு நமக்கு முன்பே நடித்துக் காட்டிவிட்டது.

ஆகவே, கோத்தகிரித் தோழரே, உமக்கு ஒரு வேலை. கணக்கெடுப்பவர் வரும் நேரம் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் நேரம். லயத்தில் பூட்டுத்தான் தொங்கும். மாலையில் வரச் சொல்லும், கூடவே சென்று நில்லும். 'பிறந்த இடம்' என்ற கேள்விக்கு முதியவர்கள் தயங்குவார்கள். எதையேனும் சொன்னால் மறுபடி கப்பலேற்றிவிடுவார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஹட்டன் என்றால் ஹட்டன் என்றே எழுதச் சொல்லும். மண்டபத்தில் கொடுத்த பழைய குடும்ப அட்டை பெட்டிக்குள் இருக்கிறதா என்றும், செல்லரிக்காமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாரும்.