கைபேசியின் மறைகுறிகள்: மறைப்பதா, கற்பிப்பதா?

ஒரு சாதனம் பொதுமக்களின் கைக்கு வந்து சேரும்பொழுது, அதனைக் கையாளுவதற்குரிய அறிவும் உடன் வந்து சேர்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே காலதாமதம் நேருமாயின், அந்த இடைவெளியில் முதலில் வதந்தியும் பின்னர் வஞ்சகமும் புகுந்துவிடுகின்றன. இதற்குத் தக்கதோர் உதாரணமாக விளங்குவது விசைப்பலகைக் கைபேசியும், அதன் ‘இரகசியக் குறிகள்’ என்று வழங்கப்படும் எண் தொடர்களும் ஆகும்.

இந்தியாவில் கைபேசி வழியாக முதல் உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. 2003-ஆம் ஆண்டு வெளிவந்த நோக்கியா 1100 என்னும் எளிய கைபேசி உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அக்காலத்தில் *#06# முதலிய குறிகளை இளைஞர்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, ஏதோ மந்திரத்தை உபதேசிப்பது போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை இரகசியங்களே அல்ல. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஜி.எஸ்.எம். தர ஆவணங்களில், யாவரும் படிக்கத்தக்க முறையில் அவை அச்சிடப்பட்டிருந்தன. ஆவணம் திறந்தே இருந்தது. அதனை மக்கள் மொழியில் எடுத்துரைப்பார்தாம் அரியராயினர்.

குறிகளின் இலக்கணம்

இக்குறிகளுக்கு ஒழுங்கானதோர் இலக்கணம் உண்டு. நட்சத்திரக் குறியும் (*), ஹாஷ் எனப்படும் குறியும் (#) 1968-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைபேசிகளின் விசைப்பலகையில் இடம்பெற்றன. எண்களைக் கொண்டு வேறோர் எண்ணை அழைப்பதற்கும், பொறிக்குக் கட்டளையிடுவதற்கும் உள்ள வேற்றுமையை உணர்த்த இவை பெரிதும் பயன்பட்டன. ஜி.எஸ்.எம். முறையில் ஒரு நட்சத்திரம் ஒரு வசதியை இயக்குகிறது. இரு நட்சத்திரங்கள் அதனைப் பதிவு செய்கின்றன. ஒரு ஹாஷ் நிறுத்துகிறது. இரு ஹாஷ்கள் பதிவை அழிக்கின்றன. நட்சத்திரமும் ஹாஷும் சேர்ந்து வந்தால் அதன் நிலை என்னவென்று வினவுவதாகப் பொருள்.

இவற்றை அடுத்து வரும் எண், எந்த வசதி என்பதைக் குறிக்கும். 21 என்பது எல்லா அழைப்புகளையும் வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடுதல்; 67 என்பது பேச்சில் ஈடுபட்டிருக்கும்பொழுது திருப்புதல்; 61 என்பது பதில் இல்லாதபொழுது; 62 என்பது கைபேசி எட்டாத இடத்தில் இருக்கும்பொழுது. ஆகவே *#21# என்று அழுத்துவோர், ‘என் அழைப்புகள் வேறெங்கேனும் செல்கின்றனவா?’ என்று வலையமைப்பை வினவுகின்றனர். ##002# என்று அழுத்துவோர், ‘எல்லாத் திருப்பங்களையும் நீக்குக’ என்று ஆணையிடுகின்றனர். பத்து நிமிடங்களில் ஒரு பள்ளி மாணவனுக்குக் கற்பித்துவிடக்கூடிய இலக்கணம் இது.

கைபேசியின் அடையாள எண்ணைக் காட்டும் *#06# என்பதும் இத்தகையதே. பதினைந்து இலக்கங்கள் கொண்ட அந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணில் முதல் எட்டு இலக்கங்கள் கருவியின் வகையையும், அடுத்த ஆறு அதன் வரிசை எண்ணையும் குறிக்கின்றன. இறுதி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. இடமிருந்து இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை இரட்டித்து, அவ்வாறு வரும் விடைகளின் இலக்கங்களையும் ஏனைய இலக்கங்களையும் கூட்டினால், மொத்தம் பத்தின் மடங்காக அமைதல் வேண்டும். இம்முறையை வகுத்தவர் ஹான்ஸ் பீட்டர் லூன் என்னும் பொறியியலறிஞர். கைபேசி திருட்டுப் போனால் அதனை முடக்குவதற்கு இந்த எண்ணே ஆதாரம். 2023-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட ‘சஞ்சார் சாத்தி’ திட்டத்தின் வழியாக இவ்வசதி நாடு முழுவதற்கும் அளிக்கப்பட்டது. எனினும், பொருள் களவு போகுமுன் எண்ணைக் குறித்து வைத்திருப்போருக்கே அது எளிதில் பயன் தரும்.

வதந்தியின் விளைவு

அறிவு செல்லாத இடத்தில் வதந்தி சென்றது. *3370# என்று அழுத்தினால் மின்கலத்தில் ஒளித்து வைக்கப்பட்டுள்ள சேமிப்பு வெளிப்படும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அவ்வாறு ஒளித்து வைத்த சேமிப்பு எதுவும் இல்லை. பழைய நோக்கியா கைபேசிகள் சிலவற்றில், குரலை உயர்ந்த தரத்தில் குறியேற்றம் செய்யும் முறையை அக்குறி இயக்கிற்று. அதனால் மின்சாரம் சற்று அதிகமாகவே செலவாயிற்று. மின்கலத்தைக் காப்பதாக எண்ணியோர் அதனை விரைந்து தீர்த்துக்கொண்டனர். அவ்வாறே *#21# என்னும் குறி, ஒருவரது பேச்சு ஒட்டுக் கேட்கப்படுகிறதா என்பதைக் காட்டும் என்றொரு நம்பிக்கை இன்றும் உலவுகிறது. அழைப்பு திருப்பிவிடப்பட்டுள்ளதா என்பதற்கு மேல் அக்குறி ஒன்றும் அறியாது.

இவை சிறு தவறுகள். ஆனால் பொருள் அறியாமலே ஒரு குறியை அழுத்தும் பழக்கம் இவற்றால் வேரூன்றியது. அப்பழக்கமே பிற்காலத்தில் கேட்டுக்கு வழி வகுத்தது.

வஞ்சகரின் கருவி

வஞ்சகர் கையாளும் முறை எளியது. பொட்டலம் கொண்டுவரும் நிறுவனத்திலிருந்தோ தொலைபேசி நிறுவனத்திலிருந்தோ பேசுவதாக ஒருவர் அழைக்கிறார். *21* அல்லது *401* என்னும் தொடரையும், அதனை அடுத்துப் பத்து இலக்க எண் ஒன்றையும் அழுத்துமாறு கூறுகிறார். பொட்டலம் கொணர்பவரின் எண் என்று நம்பி அழுத்தியவுடன், அவருக்கு வரவேண்டிய அழைப்புகள் அனைத்தும் வஞ்சகரின் கைபேசிக்குச் செல்லத் தொடங்குகின்றன. குறுஞ்செய்திகள் இவ்வாறு திரும்புவதில்லை. ஆயினும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் குரல் அழைப்பின் மூலம் தெரிவிக்கும் ஏற்பாடு பல சேவைகளில் உண்டு. அந்த அழைப்பு வஞ்சகரின் காதில் விழுமானால், கணக்குகள் அவர் வசமாகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. திருப்பிவிடும் ஆணை கைபேசியில் பதிவாவதில்லை; வலையமைப்பின் பதிவேட்டில் பதிவாகிறது. ஆதலால் கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினாலும், புதிய கைபேசி வாங்கிச் சிம் அட்டையை அதில் இட்டாலும் ஆணை நீங்காது. ஐயம் கொண்டவர் கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் சென்று பயனில்லை. ##002# என்று அழுத்துவதோ, தமது தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டுத் திருப்பத்தை நீக்குவதோதான் பரிகாரம்.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் *401* தொடர் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதன்பின், குறிகளின் மூலம் அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை அவ்வாண்டு ஏப்ரல் 15 முதல், மறு அறிவிப்பு வரும் வரை நிறுத்தி வைக்குமாறு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வேண்டுவோர் வேறு முறைகளால் அவ்வசதியைப் பெறலாம் என்றும் அறிவித்தது.

தடை ஒன்றே போதுமா?

பற்றியெரியும் வீட்டிற்கு முதலில் நீர் வேண்டும் என்ற வகையில் இத்தகைய தடை நியாயமானதே. ஆயினும் தடையை முடிவான தீர்வாகக் கொள்ளுதல் தகாது. விசைப்பலகைக் கைபேசியன்றி வேறொன்று இல்லாத ஏழை எளியோருக்கு, இணையத்தின் துணையின்றிச் சேவைகளை அடைய இக்குறிகளே வாயிலாக அமைந்துள்ளன. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட *99# என்னும் வங்கிச் சேவையும் இவ்வகை வாயிலே. குறி என்றாலே அஞ்சுமாறு மக்களைப் பழக்கினால், வஞ்சகர் நுழையும் வாயிலோடு அவர்களது வாயிலும் அடைபட்டுவிடும்.

குறிகளைப் பகிரங்கமாகக் கற்பித்தால் தீயோருக்கு அது துணை செய்யாதா என்று வினவுவோர் உண்டு. தீயோர் அவற்றை முன்னரே நன்கறிவர். அறியாதோர் ஏமாற்றப்படுவோர் மட்டுமே. பூட்டின் அமைப்பைத் திருடனுக்குத் தெரிந்த அளவேனும் வீட்டுக்காரரும் அறிந்திருத்தல் நன்று.

செய்யத்தக்கவை

முதலாவதாக, விற்பனையாகும் ஒவ்வொரு கைபேசியுடனும், வாங்குவோரின் தாய்மொழியில் ஒரு சிறு அட்டை வைக்கப்படுதல் வேண்டும். *#06#, *#21#, ##002# ஆகிய மூன்றும், சிம் அட்டையின் இரகசிய எண்ணை மூன்று முறை தவறாக இட்டால் அது பூட்டிக்கொள்ளும் என்னும் செய்தியும், இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்னும் உதவி எண்ணும் அதில் இடம்பெற்றால் போதும்.

இரண்டாவதாக, திருப்பிவிடும் ஆணை எம்முறையில் பதிவாவதாயினும், ‘உங்களுக்கு வரும் அழைப்புகள் யாவும் இனி இந்த எண்ணுக்குச் செல்லும், சம்மதமா?’ என்று வலையமைப்பு வாடிக்கையாளரின் மொழியிலேயே வினவி, சம்மதம் பெற்ற பின்னரே ஆணையை ஏற்றல் வேண்டும். வெற்றி என்று மட்டும் அறிவிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று திரையில் தோன்றி மறைவது, அதனைப் படிக்கத் தெரியாதவருக்கு அறிவிப்பு ஆகாது. மூன்றாவதாக, திருப்பிவிடப்பட்ட அழைப்பில் கடவுச்சொல்லை ஒப்புவிக்கும் வழக்கத்தை வங்கிகளும் பிற சேவை நிறுவனங்களும் கைவிட வேண்டும். பிழையின் சுமை முழுவதையும் வாடிக்கையாளர் மேல் ஏற்றுவது நீதியாகாது.

நான்காவதாக, பள்ளிகளின் விஞ்ஞானக் கழகங்கள் இக்குறிகளைப் பாடமாகக் கொள்ளலாம். ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சரிபார்க்கும் கணக்கு எட்டாம் வகுப்பு மாணவருக்கு இனிய பயிற்சியாகும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கைபேசியின் எண்ணையும் குறித்து வைக்கும் கடமையை அம்மாணவரே ஏற்கலாம். பாட்டியின் கைபேசியில் *#21# அழுத்திப் பார்த்து நிலையைச் சொல்லும் பேரன், நூறு எச்சரிக்கை விளம்பரங்களைக் காட்டிலும் பயனுள்ள பணியைச் செய்கிறான்.

விஞ்ஞானத்தின் பயன் கருவிகளைப் பெருக்குவதோடு முடிவதில்லை. கருவிக்கு இடும் ஆணையின் பொருளை, அதனை இடுபவர் அறிந்திருக்கும்பொழுதுதான் கருவி அவருக்கு உரியதாகிறது. மறைகுறி என்னும் பெயர் மறைந்து, அவை யாவரும் அறிந்த வழக்குகளாக மாறுமாயின், வஞ்சகருக்குரிய வலிமையில் பெரும்பகுதி தானே நீங்கிவிடும்.