நோசலுக்கு ஒரு சட்டை

இந்தப் பகுதியில் ஆலை இயந்திரங்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து மோட்டார், பெல்ட், பேரிங் என்று எத்தனையோ கேள்விகள் வருகின்றன. ஆனால் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கம் நூல் நூலா இழுக்குது. சூட்டை ஏத்தினா சரியாகுது, ரெண்டு நாள்ல நோசல் அடைச்சுக்குது. என்ன செய்யலாம்?"

எங்கள் பெக்கோக் சின்ன ஊர். ஒரு ரயில் நிலையம், சில கடை வரிசைகள், சுற்றிலும் செம்பனை, மிச்சமிருக்கும் கொஞ்சம் ரப்பர். என்டாவ் ரொம்பின் காட்டின் செலாய் பக்கம் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் போவார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் விடியற்காலையில் ஆலைப் பேருந்து ஏறி சிகாமட், குளுவாங், யோங் பெங் என்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் நிறைய பேர் நிற்கும் இடம் பேக்கிங் பிரிவு. பிஸ்கட்டோ, பால் மாவோ, மரச்சாமான் உதிரிகளோ, எதுவானாலும் கடைசியில் ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். அந்தப் பெட்டியின் வாயை மூடுவது பெரும்பாலும் சூட்டுப்பசைதான்.

ஆலையில் 'ஹாட் மெல்ட்' என்பார்கள். பார்ப்பதற்குச் சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். தொட்டியில் கொட்டினால் உருகும். பம்ப் அதைச் சூடேற்றிய ஹோஸ் வழியாகத் தள்ளும். ஹோஸின் கடைசியில் இருப்பது கன். கன்னின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மூக்குதான் நோசல். அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். பெட்டி ஓடும்போது காற்றழுத்தம் கன்னுக்குள் இருக்கும் ஊசியைத் தூக்கும், பசை ஒரு கோடாக விழும், மடிப்பு அதன் மேல் அழுந்தும், ஓரிரு நொடியில் ஒட்டிவிடும். பெட்டிக்குப் பயன்படும் வழக்கமான பசையை 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஓட்டுவார்கள். கொதிக்கிற தண்ணீரே 100 டிகிரிதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையில் 175 என்று காட்டும். எல்லாரும் அதை நம்புவோம். ஆனால் அந்த எண்ணைச் சொல்லும் சென்சார் இருப்பது கன்னின் உடம்புக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில். நோசலின் நுனியில் சென்சார் கிடையாது, ஹீட்டரும் கிடையாது. கன் உடம்பின் சூடு உலோகம் வழியாக இறங்கி வந்துதான் நுனி சூடாக வேண்டும். உடம்போ கனமான உலோகக் கட்டி. நுனியோ சுண்டு விரல் நகத்தளவு உலோகம், சுற்றிலும் வெறும் காற்று. ஆகவே திரையில் இருக்கும் சூடு நுனியில் இருக்காது.

காற்று சும்மா நின்றாலாவது பரவாயில்லை. நம் நாட்டுப் புழுக்கத்தில் எந்த ஆலையில் விசிறி இல்லை? ஆள் உயர விசிறியைப் பேக்கிங் மேசைக்கு நேரே திருப்பி வைத்திருப்பார்கள். வேலை செய்கிறவர் முகத்தில் படுகிற அதே காற்று நோசலிலும் படும். சூடான காப்பியை ஊதிக் குடிப்பது போல, விசிறி நாள் முழுக்க நோசலை ஊதிக்கொண்டே இருக்கும்.

நுனி ஆறினால் பசை தடிக்கும். ஊசி மூடியதும் வெட்டுப்பட வேண்டிய பசை வெட்டுப்படாமல் இழையாக நீளும். பால் மங்கின் ஓரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த இழையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிலந்திக் கூடு மாதிரி பெட்டி மேல், கன்வேயர் மேல், சென்சார் கண்ணின் மேல் எல்லாம் படியும்.

உடனே என்ன செய்கிறோம்? திரையில் 175-ஐ 185 ஆக்குகிறோம். இழை நிற்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். நுனியில் போகிற சூட்டை ஈடுகட்ட, தொட்டியிலும் ஹோஸிலும் கன்னிலும் இருக்கிற அத்தனை பசையையும் கூடுதலாக வேக வைக்கிறோம் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. சூடு 10 டிகிரி ஏறினால் இரசாயன மாற்றம் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்று பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. பசை காற்றோடு சேர்ந்து பழுப்பாகி, பிறகு கறுத்து, கரித்துண்டாகித் தொட்டிச் சுவரில் ஒட்டும். அதில் ஒரு துணுக்கு பெயர்ந்து வந்தால் அரை மில்லிமீட்டர் துளைக்கு அது பாறை. வடிகட்டி கொஞ்சம் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்காது.

நோசல் அடைத்தால் லைன் நிற்கும். லைன் நின்றால் சூப்பர்வைசர் வருவார். டெக்னிஷன் வேறு எங்கோ இருப்பார். பக்கத்தில் நிற்கிற பிள்ளை ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு குனியும். கை சுடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கு அப்படித்தான் ஆனது. எந்த ஆலை என்று சொல்லப் போவதில்லை. அடைப்பு எடுக்கும்போது புறங்கை கன்னில் பட்டது. வெடுக்கென்று இழுத்ததில் நுனியில் தொங்கிய பசை விரல் மேல் விழுந்தது. இரண்டு காயம், ஒன்று படர்ந்தது, ஒன்று ஆழமானது. "கையுறை குடுத்திருந்தாங்க அங்கிள். அதப் போட்டுக்கிட்டு மடிப்பைப் பிடிக்க முடியாது, கம்பியையும் பிடிக்க முடியாது. அதனால யாரும் போடறதில்ல" என்றது. விபத்து அறிக்கையில் காரணம் என்ன எழுதினார்கள் தெரியுமா? ஊழியர் கையுறை அணியவில்லை. அவ்வளவுதான். நோசல் ஏன் அடைத்தது, சூட்டை ஏன் ஏற்றினார்கள், அந்தச் சூட்டு உலோகம் ஏன் கை படும் இடத்தில் அம்மணமாக நிற்கிறது என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

சூடான பொருளைத் தொட்டால் எப்போது தோல் வேகும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13732-1 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பூச்சு இல்லாத உலோகமானால், 65 முதல் 70 டிகிரியில் ஒரு நொடி தொட்டாலே தீக்காயத்தின் எல்லை. 175 டிகிரி கன்னுக்கு ஒரு நொடியும் தேவையில்லை. அதே சூட்டில் இருக்கிற சிலிக்கன் ரப்பர் அவ்வளவு வேகமாகச் சுடாது, ஏனென்றால் அது தன்னிடம் இருக்கிற சூட்டை மெதுவாகத்தான் கைக்குக் கொடுக்கும். பித்தளை அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். சட்டிக்குப் பிடிதுணி எதற்கு என்று கேட்டால் எந்த வீட்டிலும் பதில் கிடைக்கும். ஆலைக்குள் போனதும் நமக்கு மறந்துவிடுகிறது.

அந்தப் பிடிதுணிதான் நோசல் உறை. கன்னின் உடம்புக்கும் நோசலுக்கும் அளவாக வார்த்த சட்டை. நுனித்துளை மட்டும் வெளியே தெரியும். சிலிக்கன் ரப்பர் சுமார் 200 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும், டெஃப்ளான் 260 வரை தாங்கும். டெஃப்ளானில் பசை அவ்வளவாக ஒட்டாது என்பது கூடுதல் வசதி. உறை போட்ட பிறகு விசிறிக் காற்று நேரே உலோகத்தில் படாது, நுனி தன் சூட்டை வைத்துக்கொள்ளும், சூட்டை ஏற்ற வேண்டிய தேவையே வராது. ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தால் ஐந்து ஐந்து டிகிரியாக இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சில பெட்டிகளைப் பிரித்து ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு அடுத்த ஐந்து. பசை மூட்டையில் அச்சிட்டிருக்கும் சூட்டு அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். கை காக்கிற அதே சட்டை கரியையும் அடைப்பையும் குறைக்கிறது என்பதால்தான், செலவுக்கு மூக்கைச் சுளிக்கும் மேனேஜரிடம் இதைப் பேசுவது எளிது. பாதுகாப்பு என்று ஆரம்பிக்காதீர்கள், லைன் எத்தனை முறை நின்றது என்ற கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். வருத்தமான புத்திமதிதான், வேலைக்கு ஆகும்.

உறை வாங்க மனமில்லாத இடங்களில் நான் பார்த்த மாற்று வழிகள் பல. சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றுவார்கள். உலோகத்தோடு ஒட்டிச் சுற்றினால் அந்தத் தாளும் நோசல் அளவுக்கே சுடும். உணவு ஆலையில் அது கிழிந்து ஒரு துணுக்கு பெட்டிக்குள் போனால் அது தனி வழக்கு. பழைய துணியைக் கட்டுவார்கள். பசை ஊறி, காய்ந்து, மேலும் ஊறி, கடைசியில் ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு திரி தொங்கும். கண்ணாடி நார் நாடா பரவாயில்லை, ஆனால் ஓரம் பிரிந்தால் தோல் அரிக்கும், பசையையும் உறிஞ்சும். மிகப் பழைய ஆலைகளின் ஸ்டோரில் வெள்ளைக் கயிறு ஒன்று சுருண்டு கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் தூள் நுரையீரலில் செய்கிற வேலை வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டு ஆகும்.

எல்லாவற்றையும் போர்த்திவிடவும் கூடாது. கன்னின் மேல் அல்லது பக்கத்தில் இருக்கும் காற்று வால்வு, அதாவது சொலனாய்டு, ஆறியே இருக்க வேண்டிய பொருள். அதை மூடினால் சுருள் வெந்துபோகும். மின் இணைப்புகளும் அப்படியே. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கென்று உள்ள உறையைக் கேளுங்கள். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு கன்களுக்கு ஒரே உறை பொருந்தாது.

சூடு ஒரு பக்கம், இடி இன்னொரு பக்கம். கோணலாக வரும் பெட்டி நோசலில் முட்டி நுனியை வளைத்துவிடும். பிறகு கோடு கோணலாக விழுகிறது என்று டெக்னிஷனைத் திட்டுவார்கள். கன்னுக்கு முன்னால் ஒரு சின்னத் தகடோ, பெட்டியை நெறிப்படுத்தும் கம்பியோ வைத்தால் போதும். மாற்று நோசல்களை ஆணிகளோடு ஒரே டின்னில் போட்டு வைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். உட்காரும் முகத்தில் கீறல் விழுந்தால் அங்கே பசை கசியும்.

சாப்பாட்டு நேரத்தில் முழுச் சூட்டில் விட்டுப் போகாதீர்கள். பெரும்பாலான இயந்திரங்களில் காத்திருப்புச் சூடு என்று ஒரு பொத்தான் உண்டு. தூசி படிந்து கிடக்கும், துடைத்துவிட்டு அழுத்துங்கள். அடைப்பு எடுக்கும்போது முதலில் பம்பை நிறுத்தி, ஹோஸில் நிற்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகுதான் நோசலைக் கழற்றலாம். கழற்றிய பிறகு அதற்கென்று உள்ள ஊசியால் குத்தலாம். துரப்பண முனையால் குத்தினால் துளை பெருகும். கேஸ் டார்ச்சில் காட்டிச் சுடுவது வேண்டவே வேண்டாம்.

மீறியும் கையில் பசை விழுந்தால்? இழுக்காதீர்கள். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். பசையோடு சேர்த்து ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பற்பசை, கிச்சாப், எண்ணெய் என்று வீட்டு வைத்தியம் எதையும் தடவாமல் கிளினிக்குக்குப் போங்கள். ஒட்டிய பசையை எடுப்பது மருத்துவரின் வேலை. குறைந்த சூட்டில் உருகும் புதிய வகைப் பசைகள் 120, 130 டிகிரியில் ஓடுகின்றன. அவையும் தோலைச் சுடும்.

அந்தப் பிள்ளை என்னிடம் பயந்து கேட்டது காயத்தைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றி. உறை வேண்டும் என்று கேட்டால் ஷிஃப்டை மாற்றிவிடுவார்களோ, கையுறைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-வது பிரிவு, அச்சட்டத்தின்படி கொடுக்க வேண்டிய பொருளுக்கு ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. 27-வது பிரிவு, பாதுகாப்பு இல்லை என்று புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ இடைஞ்சல் செய்யவோ கூடாது என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரை நியமிக்கவும் வேண்டும். உங்கள் ஆலையில் அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் அவருக்கே தெரிந்திருக்காது.

காயத்துக்கு மருத்துவ விடுப்பு கொடுத்தால் பெர்கேசோவை மறக்க வேண்டாம். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். விடுப்பு நான்கு நாளோ அதற்கு மேலோ இருந்தால் தற்காலிக முடத்தன்மைக்கான உதவித்தொகை, தினச்சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு, கேட்டுப் பெறலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலை விபத்துக் காப்பு உண்டு. பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத் தம்பியிடமும் சொல்லி வையுங்கள். கிளினிக் சீட்டைப் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த லைன், எந்த கன், திரையில் என்ன சூடு காட்டியது என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.