உள்ளே போனவன் வெளியே வருவான்!

சிறுமியிடம் எவனோ தகாத முறையில் நடந்தான் என்று பேப்பரில் வந்தால் போதும். நங்கநல்லூர் டீக்கடைகளில் அன்றே தீர்ப்பு தயார். "நடுரோட்டில் தூக்கில் போடணும் சார்!" "அறுத்து விடணும்!"

கோபம் நியாயமானதே. 2015-ல் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி கிருபாகரன்கூட, இத்தகையோருக்கு ஆண்மை நீக்கம் செய்வது பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்றார். ஆனால் அதே யோசனையை வர்மா கமிட்டி 2013-லேயே நிராகரித்துவிட்டது.

அயனாவரம் சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2018-ல், காது கேளாத 11 வயதுச் சிறுமி. லிப்ட் இயக்குபவர், வாட்ச்மேன், பிளம்பர் என்று 17 பேர் கைது. 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை. சிலருக்குச் சாகும்வரை சிறை. சிலருக்கு ஐந்தே ஆண்டு.

ஐந்து ஆண்டு என்பது ஐந்து தீபாவளி! அப்புறம்? ஏதோ ஒரு தெருவுக்குத்தானே வரவேண்டும்? கம்பி எண்ணிய நாட்களில் அவன் மனதை மாற்ற யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்பதுதான் கேள்வி.

பேச வழி இருக்கிறது. எந்தச் சூழ்நிலையில் புத்தி தடுமாறுகிறது என்று அவனையே கண்டுபிடிக்க வைப்பது, குடியை விடவைப்பது, குழந்தைகளோடு தனியே இருக்கும் வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது, தேவைப்பட்டால் வேகத்தைக் குறைக்கும் மருந்து. இது அடியோடு குணமாக்கும் வைத்தியமல்ல. அடக்கி ஆளப் பழக்குவது. எல்லாக் குற்றவாளியும் நோயாளி என்பதும் இல்லை. சந்தர்ப்பம் பார்த்துக் கை வைக்கும் போக்கிரிகளே ஏராளம்! புழல் சிறையானாலும் சரி, வேறு சிறையானாலும் சரி, தண்டனையோடு இதையும் கட்டாயமாக்க வேண்டும்.

தப்பு நடக்கும் முன்பே தடுக்க ஜெர்மனியில் பெர்லின் ஆஸ்பத்திரி ஒன்று 2005-ல் கதவைத் திறந்தது. 'எனக்குக் குழந்தைகள் மேல் தப்பான எண்ணம் வருகிறது' என்று ஒருவன் தானாக வந்தால் ரகசியமாகச் சிகிச்சை. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியும் அந்த டாக்டர்களோடு சேர்ந்து இதே வேலையில் இறங்கியது.

நம்மூரில் ஒரு சிக்கல். போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கலாம் என்று அஞ்சினாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். நடந்ததை மறைத்தால் டாக்டருக்கே ஆறு மாதம் வரை சிறை! நடந்துவிட்ட குற்றத்துக்கு இந்த விதி அவசியம், சந்தேகமே இல்லை. இன்னும் யாரையும் தொடாதவன் எந்த டாக்டரிடம் போவான்? சர்க்கார் இதைத் தெளிவுபடுத்தவேண்டும்.

அதுவரை நங்கநல்லூர் பிளாட் சங்கங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிடிபடுபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குழந்தைக்குத் தெரிந்தவர்களே என்கிறது போலீஸ் கணக்கு. தண்ணீர் லாரிக்காக மணிக்கணக்கில் நடக்கும் சங்கக் கூட்டத்தில், மொட்டைமாடி சாவி யார் கையில், டியூஷன் அறைக் கதவு திறந்திருக்கிறதா என்று பத்து நிமிஷம் பேசலாமே! லிப்ட் பக்கத்தில் குழந்தை கண் மட்டத்தில் 1098 என்ற எண்ணை எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்?