பரிசோடு நூலகமும் வேண்டும்

பல்கலைக்கழக மகளிரியல் துறைகளில் சிறந்து விளங்கும் மாணவர்களுக்குப் பதக்கமும் பரிசும் வழங்கிப் பாராட்டுவது வரவேற்கத்தக்கது. வேலைவாய்ப்புக்கு உதவாத படிப்பு என்று ஏளனம் செய்யப்படும் ஒரு துறையில், அந்த ஏற்பு மாணவர்களுக்கு ஊக்கம் தரும். ஆயினும், சிறப்பை எதைக் கொண்டு அளப்பது, பாராட்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்னும் இரு கேள்விகள் எஞ்சுகின்றன. அவற்றுக்கான விடை புனே நகரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1848இல் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். அவர்களுடைய பள்ளியில் பயின்றவர், தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்ட மாங் சாதியில் பிறந்த முக்தாபாய் சால்வே. 1855இல், ஏறத்தாழ 14 வயதில், மாங், மகார் மக்களின் துயரம் குறித்து அவர் எழுதிய கட்டுரை 'ஞானோதய' இதழில் வெளியானது. வேதத்தைப் பார்க்கவும் உரிமையற்ற தங்களின் மதம் எது என்று அவர் கேட்டார். மேலே கூரையும் இன்றி மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தம் குலப் பெண்களின் வேதனையைப் பதிவு செய்தார். சாதியையும் பெண்ணடிமையையும் ஒருசேர வினவிய அந்தக் கட்டுரை, மகளிரியல் என்னும் துறை பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட மகளிரியல் ஆய்வாகும். பரிசளிப்பின்போது பொம்மையும் இனிப்பும் வேண்டாம், நூலகம் வேண்டும் என்று அச்சிறுமி கேட்டதாக ஒரு செய்தி வழிவழியாக வழங்கி வருகிறது.

அதே நகரின் பல்கலைக்கழகத்தில் 1987இல் மகளிரியல் மையம் அமைந்தது. இன்று அது கிராந்திஜோதி சாவித்திரிபாய் பூலே பெயரைத் தாங்கி நிற்கிறது. 2014இல் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. 2013இல் மறையும் வரை இம்மையத்தின் உயிர்நாடியாக விளங்கிய பேராசிரியர் ஷர்மிளா ரேகே, பூலே, அம்பேத்கர் சிந்தனைகளை வகுப்பறையின் நடுவே கொண்டுவந்தார். முதல் தலைமுறை மாணவர்களின் தடுமாற்றத்தைத் தகுதிக் குறைவாகக் காணாமல், கற்பிக்கும் முறையின் குறையாகக் காண வேண்டும் என்பது அவர் பணியின் சாரம்.

இங்கேதான் 'சிறப்பு' என்னும் சொல்லின் வர்க்கத் தன்மை வெளிப்படுகிறது. மராத்வாடாவின் வறண்ட கிராமத்திலிருந்து மராத்தி வழியில் படித்து வரும் விவசாயத் தொழிலாளியின் மகளும், பெருநகரின் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவரும் ஒரே தாளை எழுதுகின்றனர். மதிப்பெண் அவர்கள் சென்றடைந்த இடத்தைக் காட்டும். கடந்து வந்த தொலைவைக் காட்டாது. மகளிரியலேனும் அந்தத் தொலைவைக் கணக்கில் கொள்ள வேண்டாமா?

மறுபுறம், பரிசு பெறுவோர் நிற்கும் தளமே ஆட்டம் காண்கிறது. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததையடுத்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியால் இயங்கிய நூற்றுக்கு மேற்பட்ட மகளிரியல் மையங்களின் எதிர்காலம் கேள்விக்குறியானது. நிதி நீட்டிப்புகள் சில மாதங்களுக்கு மட்டுமே வந்தன. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு நிறுத்தியது. நிரந்தரப் பணியிடமின்றி ஒப்பந்த ஊதியத்தில் ஆசிரியர்களை நிறுத்திவிட்டு, உதவித்தொகைக்கு மாணவியரைக் காக்க வைத்துவிட்டு, ஆண்டுக்கொருவர் கழுத்தில் பதக்கம் அணிவிப்பது வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் தெளிப்பதற்கு ஒப்பாகும். பெண் கல்வியைப் பற்றி முழங்கும் ஆட்சியாளர்கள், ஆணாதிக்கத்தையும் மனுவாதத்தையும் கேள்வி கேட்கும் கல்விக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது தற்செயல் அன்று.

எனவே, கோரிக்கை தெளிவானது. மகளிரியல் துறைகளுக்கு நிலையான நிதியும் நிரந்தர ஆசிரியர்களும் வேண்டும். மாதந்தவறாத உதவித்தொகையும் பாதுகாப்பான விடுதியும் தாய்மொழியில் பாடநூல்களும் வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மகளிரியல் துறைகளுக்கும் இவை பொருந்தும். மாணவர், மாதர், ஆசிரியர் அமைப்புகள் இக்கோரிக்கைகளைத் தத்தம் மேடைகளில் எழுப்ப வேண்டும். தோழர்கள் தங்கள் பகுதிக் கல்லூரிகளில் நிலவும் உண்மை நிலையைத் திரட்டி இயக்கத்தின் முன் வைக்க வேண்டும்.

சிறந்த மாணவியைப் பாராட்டுவோம். அவருக்குப் பின்னால் நூறு மாணவியர் வந்து சேர்வதற்கான வழியையும் போராடித் திறப்போம். முக்தாபாய் கேட்ட நூலகம் அவர் ஒருவருக்கானது அன்று.